பாதி ஆட்டுக்கு மருந்து

மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல ஓடைமேடுன்னு ஒரு ஊராம், அந்த ஊர்ல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். காட்டுல பச்சிலை பறிக்கிறது அவ தொழில். ஊரே அவளைப் பைத்தியம்னு சொல்லும். ஏன்னு கேளுங்க. அவ ஆடுகளுக்கு உடம்புல கட்டி வந்துச்சு. அவ ஒரு இலையை இடிச்சுச் சாறு எடுத்துப் பத்து ஆட்டுக்குக் குடுத்தா, மீதிப் பத்து ஆட்டுக்கு வெறும் தண்ணி. "மருந்தைக் கையில வச்சுக்கிட்டு பாதி ஆட்டுக்குக் குடுக்கலையே, கூறு கெட்டவ"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அவ பாட்டுக்குக் கட்டியைச் சுத்தி நூலைப் பிடிச்சு அளந்து முடிச்சுப் போட்டு வச்சுக்குவா. என்ன இலைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நாளைக்கே பறிச்சு வாயில போட்டுக்குவீங்க, உங்களைத் தெரியாதா எனக்கு?

அப்புறம் அந்த நாட்டு ராணி கோமளவல்லிக்குக் கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. மடியில ஆறு மாசப் பிள்ளை. கட்டியை அறுத்து எடுக்கிற கத்தி வைத்தியர் வந்து பார்த்தார். "இது புத்துக்கட்டி, மகாராஜா. சின்னதா இருக்கும்போதே எடுத்தா பொழைச்சுக்குவாங்க. வளந்துட்டா என் கையில இல்ல"ன்னார்.

உடனே அரண்மனை வைத்தியர் மகுடேசர் குறுக்கே பாய்ஞ்சார். அந்த மனுஷன் வெயில்லகூடப் பட்டுச் சால்வையை எடுக்க மாட்டார். "ராணி கழுத்துல கத்தியா? ஒரு மண்டலம், நாப்பத்தெட்டே நாள் என் சாறைக் குடிக்கட்டும், கட்டி கரைஞ்சு ஓடிரும்!" கத்தின்னா யாருக்குப் பிடிக்கும்? ராஜாவும் சரின்னுட்டார்.

அந்தச் சாறுக்கு இலை கொண்டு வந்தவ நம்ம சிலம்பாயி. அதே இலைதான்! பைத்தியம்னு பேர் வாங்கினவ பேச்சை அரண்மனையில யாரு கேப்பா? அவ ராணி கட்டியை நூலால அளந்து முடிச்சுப் போட்டு, "தாயி, இதை உங்க கையிலயே வச்சுக்குங்க"ன்னு குடுத்துட்டுப் போனா.

பத்தாம் நாள் மகுடேசர் வந்தார். "கரையுது, கரையுது!" ராணி நூலைச் சுத்திப் பார்த்தா, ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், நூல் பத்தல. "கரையிறதுக்கு முன்னால பொங்கும்"ன்னார். இருபதாம் நாள் வந்தார். "கரையுது, கரையுது!" ரெண்டு விரக்கடை பத்தல. "இன்னும் பொங்கும்"ன்னார். முப்பதாம் நாள் வந்தார். "கரையுது, கரையுது!" மூணு விரக்கடை பத்தல, ராணிக்குச் சோறு இறங்கல, பிள்ளையைத் தூக்க முடியல. அவ்வளவுதான், ராணி எழுந்து நேரா சபைக்குப் போய் நூலை ராஜா முன்னால போட்டா. "கட்டி பொங்கல, இவர் பொய்தான் பொங்குது. இந்த நூலைக் குடுத்தவளைக் கூப்பிடுங்க"ன்னா.

சிலம்பாயி வந்தா. "மகாராஜா, சாறு குடிச்ச ஆட்டுக்குக் கட்டி மெதுவா வளந்துச்சு, தண்ணி குடிச்ச ஆட்டுக்கு வேகமா வளந்துச்சு. கரைஞ்ச ஆடு ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கே கத்தி வைத்தியரைக் கூப்பிடுங்க."

"ஆடு மேய்க்கிறவ பேச்சைக் கேக்குறதா!"ன்னு மகுடேசர் கையை வீசினார் பாருங்க, சால்வை நழுவிருச்சு. தோள்ல எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கட்டி!

ராஜா கேட்டார், "வைத்தியரே, உமக்குமா? அப்ப நீரும் உம்ம சாறையே ஒரு மண்டலம் குடியும். கத்தி வைத்தியர் உம்ம பக்கமே வரக்கூடாது."

மகுடேசர் தடால்னு கால்ல விழுந்தார். "ஐயோ மகாராஜா, அது மட்டும் வேண்டாம்! நாளைக்குக் காலையில வந்து அறுக்கிறேன்னு அவர் சொல்லியிருக்காரு!"

தன் தோளுக்குக் கத்தி, ராணி கழுத்துக்குச் சாறு. பாவிப்பய!

அன்னிக்கே ராணிக்குக் கட்டியை எடுத்தாங்க. பெரும்பாடு பட்டுத்தான் பொழைச்சா. அப்புறம் சிலம்பாயி குடுத்த சாறையும் குடிச்சா. வருஷம் ஒண்ணாச்சு, கட்டி திரும்பி வரல. ராஜா, "உன் சாறுதானே காப்பாத்துச்சு?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லியிருந்தா அரண்மனை வைத்தியர் பதவியே அவளுக்குத்தான். அவ என்ன சொன்னா தெரியுமா? "தெரியல மகாராஜா. கத்தியா, சாறான்னு ஒருத்தரை வச்சு எப்படிச் சொல்றது? இன்னும் நிறையப் பேரைப் பார்க்கணும்." அத்தனை பேர் முன்னால தெரியலன்னு சொன்னா பாருங்க, அந்தப் புண்ணியவதியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மகுடேசர் தோள்ல இருந்த கட்டியையும் அறுத்து விட்டாங்க, பாவம் பார்த்து. ஆனா சால்வை போச்சு. ராஜா உத்தரவு, தினமும் நூலைப் பிடிச்சுக்கிட்டு சிலம்பாயியோட இருபது ஆட்டுக்குப் பின்னால ஓடி அளக்கணும், கிடாக்கிட்ட முட்டும் வாங்கணும்.

எல்லாத்தையும் கரைக்கிற சாறு இருக்குன்னு யாராவது வந்தா, எத்தனை பேருக்குக் குடுத்தீங்க, எத்தனை பேருக்குக் குடுக்காம பார்த்தீங்கன்னு கேளுங்க. ஆடு பட்டியில அடைஞ்சுருச்சு, என் கதையும் அதோட அடைஞ்சுருச்சு.