சுவரை உடைக்கச் சொன்ன குரல்

மலைச்சரிவில் ஒரு பெரிய மரம். அதன் பொந்துக்குள் பொன்மூக்கி என்ற இருவாச்சிப் பறவை, நேற்றுத்தான் முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சோடு அடைந்து கிடந்தது.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் புகுந்துகொள்ளும். மண்ணையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து வாசலில் சுவர் வைத்துவிடும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். உள்ளே இருக்கும் நாட்களில் பெண் பறவையின் சிறகுகள் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. அந்தச் சுவர் ஒன்றுதான் காவல்.

பொன்மூக்கி அதற்கு மேலும் ஒரு காவல் வைத்திருந்தது. கணவன் கொண்டையன் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், திரும்பி வந்தால் எப்படித் தட்ட வேண்டும் என்று காதோடு சொல்லி அனுப்பும். ஒரு முறை தட்டிய தட்டு மறுமுறை செல்லாது.

"மாமா, இந்தத் தடவை ரெண்டு தட்டு தட்டி, மூக்கால ஒரு உரசு உரசணும்!"

"சரி புள்ள. யார்கிட்டயும் சொல்லிராத!"

"நான் எதுக்குச் சொல்றேன்? என்னை என்ன கிறுக்கின்னு நெனச்சீங்களா?"

கொண்டையன் சிறகை விரித்தது. இருவாச்சி பறந்தால் சூறைக்காற்று கிளம்பியது போல இரைச்சல் வரும். சுற்றியுள்ள இலையெல்லாம் ஆடும். கீறல் வழியாக அந்தக் காற்று உள்ளே வந்து பொன்மூக்கியின் கன்னத்தில் பட்டது. பிறகு அமைதி.

இருட்டுக்குள் பொன்மூக்கிக்குப் பொழுது போகவில்லை. வெளியே இலை உதிர்ந்தாலும், 'அது என்ன?' என்று கீறலில் கண்ணை வைக்கும். எதிர்க்கிளை மட்டும் தெரியும். மேலேயும் தெரியாது, கீழேயும் தெரியாது. தெரியாததெல்லாம் தெரிய வேண்டும் என்று அதற்குத் துடிப்பு.

அந்தத் துடிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தது ஒரு கரிச்சான். கிளி, குரங்கு, கீரி, யார் குரலானாலும் அப்படியே பேசிக் காட்டும் பறவை அது. மரத்தடியில் ஓர் உடும்பு நகத்தை நக்கிக்கொண்டிருந்தது. பொந்துச் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

"நீ ஏன் மெனக்கெடறே? அவளையே உடைக்க வச்சிடலாம்!" என்றது கரிச்சான்.

"அவ எதுக்கு உடைப்பா?"

"நான் பேசினா உடைப்பா. எனக்கு என்ன தருவே?"

"குஞ்சு எனக்கு. பொந்துக்குள்ள இருக்கிற புழு பூச்சியெல்லாம் உனக்கு."

"அது நீ தின்னாம விடுறதுதானே! உன் கையிலிருந்து என்ன தர்றே?"

"ஒரு கரையான் புற்றைத் தோண்டித் தர்றேன்."

"ரெண்டு!"

"சரி, ரெண்டு. போய் வேலையைப் பாரு!"

கரிச்சான் பொந்துக்கு மேலே, கீறலுக்குத் தெரியாத கிளையில் போய் உட்கார்ந்தது. கிளியின் குரலை எடுத்தது.

"பொன்மூக்கி அக்கா! வாழ்த்துகள்! காட்டுக் குலுக்கல்ல உங்க பொந்துக்குத்தான் பரிசு! ஒரு கிளை நிறைய ஜாதிக்காய்!"

பொன்மூக்கிக்கு நாக்கில் நீர் ஊறியது. "நான் எந்தக் குலுக்கல்லயும் சேரலையே?"

"சேராதவங்களுக்குத்தான் இந்தத் தடவை!"

"நீ யாரு? கீறலுக்கு நேரா வா, பார்க்கிறேன்!"

"நேரமில்லைங்க அக்கா. இன்னும் எத்தனையோ பொந்துக்குப் போகணும். உங்க வீட்டுக்காரர் பேரு என்ன? எங்கே பழம் பறிக்கப் போறார்? அவர் கையிலேயே கொடுத்துடறோம்."

"பேரு கொண்டையன். எதிர்மலைப் பாறைக்கு மேல ஓர் ஆலமரம் இருக்கு. அங்கதான் போயிருக்கார்."

பேரையும் இடத்தையும் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று பொன்மூக்கி நினைத்தது. சும்மா கிடைக்கும் ஜாதிக்காயை எண்ணிக்கொண்டே காத்திருந்தது. சும்மா கொடுப்பதற்கு எவனும் மரம் ஏறி வரமாட்டான் என்பது அதற்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து வேறு குரல் உறுமியது.

"உஹூம்! காவல் மந்தி பேசுறேன்!"

காவல் மந்தி என்றால் காடே நடுங்கும். புலி வந்தாலும் தீ வந்தாலும் முதலில் கத்துவது அதுதான். பொன்மூக்கி எழுந்து நின்றது.

"எல்லாப் பொந்தையும் சரிபார்க்கிறோம். பொழுது சாயறதுக்குள்ள உன் பொந்தைச் சரிபார்க்கலைன்னா மரங்கொத்திக்குக் கொடுத்துருவோம்!"

"ஐயா! உள்ளே குஞ்சு இருக்குதுங்க! கண்ணுகூடத் திறக்கலைங்க!"

"அப்போ கேட்டதுக்குப் பதில் சொல்லு. எதிர்மலை ஆலமரத்துக்குப் போயிருக்கானே கொண்டையன், அவன் வந்தா எப்படித் தட்டுவான்?"

பேர் தெரிகிறது, இடம் தெரிகிறது. சந்தேகமே இல்லை, இது காவல் மந்திதான் என்று பொன்மூக்கி நம்பிவிட்டது. அந்த இரண்டையும் கிளிக்குரலிடம் தானே சொன்னோம் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

"ரெண்டு தட்டு, ஒரு உரசுங்க!"

"நல்லது. இதை யார்கிட்டயும் சொல்லிராதே!" என்றது குரல். அதையும் தைரியமாகச் சொன்னது!

அடுத்து, கீறலுக்குத் தெரியாத ஓரத்தில் டொக், டொக். சர்ர்ர்.

"புள்ள! நான்தான்!" கொண்டையனின் குரலேதான். ஆனால் வலியில் முனகியது. "கழுகு அடிச்சுட்டுது. சிறகு ஒடிஞ்சு போச்சு. சுவரை உடை, உள்ளே வந்து படுத்துக்கிறேன். சீக்கிரம்!"

பொன்மூக்கி மூக்கை ஓங்கிச் சுவரில் மோதியது. ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே வெளிச்சம் பாய்ந்தது. குஞ்சு 'கீ' என்று சுருண்டது.

பொன்மூக்கி மறுபடி மூக்கை ஓங்கியது. அப்போது எதிர்க்கிளை கண்ணில் பட்டது. ஓர் இலைகூட ஆடவில்லை.

"மாமா, எப்படி வந்தீங்க? சிறகுச் சத்தமே கேக்கலையே?"

"சிறகுதான் ஒடிஞ்சு போச்சே!"

"அப்புறம் இவ்வளவு உயரத்துக்கு எப்படி?"

"நடந்து ஏறினேன்!"

"எதிர்மலையிலிருந்து நடந்தா? நடுவுல ஆறு இருக்கே!"

"இது கேள்வி கேக்குற நேரமா? உசிரு போகுது! உடை! சத்தம் போடாதே, யாரையும் கூப்பிடாதே!"

பொன்மூக்கியின் மூக்கு பாதியில் நின்றது. உயிர் போகிறவன் ஊரைக் கூட்டத்தானே சொல்வான்? யாரையும் கூப்பிடாதே என்று ஏன் சொல்கிறான்?

இன்னும் ஒரு கேள்வி அதன் தொண்டையில் இருந்தது. அதை வாசலில் நின்ற குரலிடம் கேட்கவில்லை. எதிர்மலையிடம் கேட்டது. மூக்கைக் கீறலுக்கு வெளியே நீட்டி, காடே அதிரும்படி கத்தியது.

"கொண்டை மாமா! எங்கே இருக்கீங்க?"

பள்ளத்தாக்கைத் தாண்டிப் பதில் வந்தது.

"ஆலமரத்துலதான்! என்னாச்சு புள்ள?"

பொன்மூக்கி, "வாங்க மாமா! திருட்டுப் பய வந்திருக்கான்!" என்று அலறியது.

அதற்குள் பெயர்ந்த ஓட்டை வழியாகப் பிளவுபட்ட ஒரு நாக்கு உள்ளே வந்து குஞ்சைத் துழாவியது. பின்னாலேயே ஒரு மூஞ்சி. பொன்மூக்கிக்குச் சிறகு இல்லை. ஆனால் மூக்கு இருந்தது! சுவரை உடைக்க ஓங்கிய மூக்கை உடும்பின் மூஞ்சியில் இறக்கியது.

"ஐயோ!"

மறுபடி ஒரு குத்து. உடும்பு முன்னங்கால் பிடியை விட்டுப் பின்னங்காலில் தொங்கியது. அப்போது சூறைக்காற்று போல இரைந்துகொண்டு கொண்டையன் வந்து சேர்ந்தது. இலையெல்லாம் பறந்தன. உடும்பு பொத்தென்று கீழே விழுந்து புதருக்குள் ஓடியது. கரிச்சான் பயத்தில் கொஞ்சம் கிளியாகவும் கொஞ்சம் மந்தியாகவும் கத்திக்கொண்டு பறந்தது. "என் புற்று! ரெண்டு புற்று!" என்று மட்டும் சொந்தக் குரலில் கேட்டது. யார் கொடுப்பார்?

கொண்டையன் ஆற்றோரத்திலிருந்து மண் கொண்டுவந்தது. பொன்மூக்கி உள்ளேயிருந்து குழைத்து ஓட்டையை அடைத்தது.

"சொல்ல மாட்டேன்னு சொன்னியே, புள்ள?"

"உங்களைப் பத்தி எல்லாமே அதுக்குத் தெரிஞ்சிருந்தது மாமா!"

"யார் சொன்னது?"

பொன்மூக்கி கொஞ்ச நேரம் மண்ணைக் குழைத்தது. "நான்தான்" என்றது. பிறகு, "காவல் மந்திகிட்ட நடந்ததை அப்படியே சொல்லிட்டு வாங்க. மத்த மரத்துலயும் குஞ்சுங்க இருக்கு" என்றது.

"நீ ஏமாந்ததையுமா? காடே சிரிக்குமே!"

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிச்சவங்களாவது முழிச்சுக்குவாங்க."

மறுநாள் கொண்டையன் பழத்தோடு வந்து தட்டியது. தட்டு சரியாகத்தான் இருந்தது.

"யாரு?"

"நான்தான் புள்ள!"

"அப்படித்தான் அவனும் சொன்னான். ஒரு சுத்து பறந்து காட்டுங்க!"

"வாய் நிறையப் பழம் வச்சிருக்கேன்!"

"பழம் எங்கேயும் போகாது. பறங்க!"

கொண்டையன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு சுற்றுப் பறந்தது. எதிர்க்கிளை இலையெல்லாம் ஆடின. கீறல் வழியாக அந்தக் காற்று உள்ளே வந்து குஞ்சின் தலையைத் தடவியது. அதன் பிறகுதான் பொன்மூக்கி வாயைத் திறந்தது.

ரகசியத்தைக் கேட்டு அவசரப்படுத்தும் குரல் யாருடையதாக இருந்தாலும், அதற்குப் பதில் சொல்லாமல், நமக்குத் தெரிந்த வழியில் நாமே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.