பதினேழு டிகிரி வெந்நீர்

வீரபாகு என்ற ஃபைட்டர் மீனுக்கு இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. முட்டைகளைக் காக்கும் வேலை!

ஃபைட்டர் குலத்தில் அம்மா முட்டையிடுவதோடு சரி. நுரையால் கூடு கட்டுவதும், அதில் முட்டைகளை ஒட்டுவதும், கீழே விழுபவற்றை வாயில் பிடித்து மறுபடி ஒட்டுவதும் அப்பன் பாடு.

வீரபாகு இருந்தது காட்டு விடுதி ஒன்றின் கண்ணாடித் தொட்டியில். வெளியே மலைக்குளிர். அப்படி இப்படிக் குளிர் இல்லை! நரி ஊளையிட வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கும். ஊளை துண்டுதுண்டாகத்தான் வெளியே வரும்.

ஆனால் தொட்டிக்குள் இதமாக இருக்கும். சுவரில் மாட்டியிருந்த கன்ட்ரோலர் பெட்டிதான் காரணம். விளக்கு, காற்றுக்குழாய், ஹீட்டர் எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில் சென்சார். தண்ணீர் குளிர்ந்தால் சென்சார் சொல்லும், பெட்டி ஹீட்டரைப் போடும். இருபத்தெட்டு டிகிரி ஆனதும் ‘டக்’கென்று அணைத்துவிடும்.

பெட்டிக்குப் பக்கத்தில் சொக்கன் என்ற பல்லி. வெகுகாலம் காலண்டருக்குப் பின்னால் குடியிருந்ததால் எண்கள் அத்துப்படி. பெட்டியில் ஒளிரும் எண்ணைத் தொட்டிக்காரர்களுக்குப் படித்துச் சொல்வதில் அதற்கு ஏகப் பெருமை.

ஒரு நாள் வீரபாகுவின் பொறுமை போய்விட்டது.

“சொக்கா, எவ்வளவுடா?”

“இருபத்தெட்டுண்ணே!”

“எப்பக் கேட்டாலும் இதே இருபத்தெட்டு! சூடு கூடினாத்தானே முட்டை சீக்கிரம் பொரிக்கும்? இப்படி இருந்தா என் பிள்ளைங்க எப்பப் பொரிக்கிறது, நான் எப்பத் தூங்குறது?”

அதே தொட்டியில் இருந்த ராக்கம்மா என்ற கிழட்டு இறால் பாசியை மென்றபடி சொன்னது: “பொரிக்கிறப்பப் பொரிக்கும்ப்பா. அதுங்க என்ன, முதல் பஸ்ஸைப் பிடிக்கணுமா?”

“நீ பாசியைத் தின்னுக்கா! டேய் சொக்கா, அந்த ஒயரை வெளியே இழுத்து ஜன்னல் கொக்கியில மாட்டு. குளிர்காத்து படட்டும். சென்சார் குளிருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஹீட்டர் அணையவே அணையாது!”

“பெட்டி நம்புமாண்ணே?”

“நீ ஒரு ‘இச்’ கொட்டினா, வெளியே கிளம்பின மனுஷனே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்துடறான். பெட்டி எம்மாத்திரம்!”

பல்லிக்கு வால்நுனிவரை பூரிப்பு. விடுதிக் காவல்காரர் சந்தைக்குப் போன நேரம். தொட்டிக்கு நேர் மேலே இருந்த ஜன்னல் கொக்கியில் ஒயர் ஏறிவிட்டது.

“பதினேழுண்ணே!” என்று சொக்கன் அறிவித்தது.

ஹீட்டர் எரிந்தது. தண்ணீர் வெதுவெதுப்பானது. வீரபாகு துடுப்புகளை விரித்துச் சோம்பல் முறித்தது. “ஆஹா! இதல்லவா வாழ்க்கை!”

ஹீட்டர் மேலும் எரிந்தது.

“ஏம்ப்பா, எனக்கு வேர்க்கிற மாதிரி இருக்கு,” என்றது ராக்கம்மா.

“தண்ணிக்குள்ள வேர்வையா? சொக்கா, எவ்வளவு?”

“பதினேழுண்ணே!”

“கேட்டியாக்கா? இன்னும் குளிருதான். பொறுத்துக்க!”

வேடிக்கையைப் பாருங்கள்! ஒயரை வெளியே போடச் சொன்னதும் வீரபாகுதான். அந்த ஒயர் சொன்ன எண்ணை நம்பியதும் அதே வீரபாகுதான்!

சற்று நேரத்தில் ராக்கம்மா அலறியது. “என் உடம்பைப் பாருப்பா!”

“அடடே, கல்யாணப் பொண்ணு மாதிரி சிவந்திருக்கியே!”

“இறால் எப்பச் சிவக்கும்னு இந்த விடுதிச் சமையல்காரரைக் கேளு, சொல்லுவார்!”

அப்போதுதான் நுரைக்கூடு ‘பட் பட்’டென்று உடையத் தொடங்கியது. ஒரு முட்டை வெளுத்துப் போய் அடியில் விழுந்தது. இன்னொன்று. வீரபாகுவுக்கு உயிரே போய்விட்டது. மிச்ச முட்டைகளை வாய்கொள்ள அள்ளிக்கொண்டு, சூடு கொஞ்சம் குறைவாக இருந்த அடித்தரைக்குப் பாய்ந்தது. அங்கேதான் அதற்கு ஒயர் ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்றால் வாய் நிறையப் பிள்ளைகள்!

ராக்கம்மா கத்தியது: “சொக்கா! ஒயரைத் தண்ணியில போடுடா!”

“அண்ணன் சொல்லாம போட மாட்டேன்!”

“ம்ம்ம்! ம்ம்ம்!” என்றது வீரபாகு. துடுப்பைக் கீழ்நோக்கி ஆட்டிக் காட்டியது.

“இன்னும் குறைக்கணுமா? இதோ!” சொக்கன் சென்சாரை நக்கி ஈரமாக்கி, அதன்மேல் ‘உஃப் உஃப்’ என்று ஊதியது. “பதினாறுண்ணே!”

வீரபாகு தலையை இப்படியும் அப்படியும் உதறியது.

“போதலையா? பொறு, மறுபடி நக்குறேன்!”

இனிச் சைகைக்கு வேலை இல்லை. வீரபாகு அடித்தரையிலிருந்து விர்ரென்று கிளம்பியது. வாயை இறுக மூடியபடி தண்ணீரைப் பிளந்து மேலே எழும்பி, பல்லியின் கன்னத்தில் வாலால் ஓங்கி ஒரு அறை விட்டது! கொக்கியிலிருந்து ஒயர் நழுவியது. ஒயரோடு சொக்கனும் ‘தொபுக்’கென்று தொட்டிக்குள் விழுந்தது.

“ஐயையோ! சுடுது! கொதிக்குது!”

“பதினேழுதானேடா?” என்றது ராக்கம்மா.

“எந்தப் புத்திகெட்டவன் சொன்னான் பதினேழுன்னு?”

“நீதான்!”

சொக்கன் கண்ணாடியைப் பிடித்து ஏறி, பெட்டியைப் பார்த்தது. முப்பத்தாறு! ‘டக்’கென்று ஹீட்டர் அணைந்தது.

ஜன்னல் காற்று பட்டுத் தண்ணீர் மெல்ல ஆறியது. அதுவரை வீரபாகு வாயைத் திறக்கவில்லை. பிறகு புதுநுரை ஊதி, முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டியது. வெளுத்துக் கிடந்தவற்றையும் ஒருமுறை வாயால் தொட்டுப் பார்த்தது. ஒட்டிய முட்டைகள், அவற்றுக்கு எப்போது தோன்றியதோ அப்போது பொரித்தன. நூலிழை வால்கள் நுரையிலிருந்து தொங்கின.

சொக்கன் தயங்கித் தயங்கி வந்தது. “அண்ணே, இப்ப எவ்வளவுன்னு படிக்கட்டுமா?”

“முதல்ல தண்ணியில காலை வச்சுப் பாரு,” என்றது வீரபாகு. “அப்புறம் படி!”

அடுத்தவரை ஏமாற்றப் பொய்யை ஏற்பாடு செய்கிறவன், கடைசியில் அந்தப் பொய்யைத் தானே நம்பி வெந்துபோவான்.