ஆபத்தில்லாத மெழுகு

“எந்த மெழுகில ஆபத்தே இல்ல, சிஸ்டர்?”

மதலேன் இதைக் கேட்பது நாலாவது தடவை.

சிஸ்டர் ஜெசிந்தா மடத்துக் கோயிலுக்கு மெழுகுவத்தி வார்ப்பவர். மதலேனைவிட இருபது வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

மதலேனின் கணவர் இன்னாசிக்கு நுரையீரல் பழுது. சாயங்கால ஜெபத்தில் கடை மெழுகுவத்தி ஏற்றினால் அந்தப் புகைக்கே இருமல் கிளம்பிவிடும். ஒருநாள் இருமி இருமி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் மெழுகுவத்தியே ஏற்றவில்லை. இயற்கை மெழுகு வாங்கித் தானே வார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மதலேன் மடத்துக்கு வந்தாள்.

முதல் தடவை சிஸ்டர் சோயா மெழுகு கொடுத்தார். உருக்கி, பருத்தித் திரி போட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். கொல்லையில் தனியாக ஏற்றிப் பார்த்தாள். நன்றாகத்தான் எரிந்தது. சோயாச் செடிக்கு என்ன பூச்சிமருந்து அடித்தார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அணைத்துவிட்டாள்.

அடுத்தது தேங்காய் மெழுகு. பங்குனி வெயிலில் வெண்ணெய் மாதிரி இளகியது. இதில் என்ன கோளாறு வருமோ என்று பயந்தாள்.

கடைசியாகத் தேன்மெழுகு வார்த்தாள். மடத்துத் தேன்பெட்டியில் எடுத்தது, கலப்படத்துக்கு வழியே இல்லை. ஆனால் வாசனை இருந்தது. அந்த வாசனை அவர் நெஞ்சை அடைத்துவிட்டால்?

இன்று மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அடுப்படியில் நின்றாலும் காது அவர் மூச்சிலேயே கிடக்கிறது என்று சொன்னாள்.

சிஸ்டர் மூன்றையும் மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார்.

“வீட்டு ஐயா என்ன சொன்னார்?”

“எதைப் பத்தி?”

சிஸ்டர் மூன்றையும் மறுபடி பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். கூடவே நடந்துவந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

வழியெல்லாம் மதலேன் வேகவேகமாக நடந்தாள். கோபமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எட்டு மாதமாக அவர் படுக்கையில். கஞ்சியா இட்லியா என்றுகூட அவரைக் கேட்டதில்லை என்பது பாதி வழியில் உறைத்தது.

இன்னாசி ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்திருந்தார்.

பையை அவர் மடியில் கவிழ்த்தாள். எது வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு, பிறகு கேட்டாள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேன்மெழுகை அவர் கீழே வைக்கவில்லை.

“இதை ஏத்து.”

“இருமல் வந்தா?”

“வந்தா ஊதி அணைச்சிடலாம்.”