மூன்றாம் தொகுதியில் ஒரு சமையல்காரன்

சிறுமலை அடிவாரத்தில் அழகம்மையின் குடில் இருந்தது. அழகம்மைக்கு நாற்பது வயதுதான். அவரிடம் வந்து தங்கியிருந்த சீடர்களோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இருந்தாலும் எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் அம்மா சீடர்களுக்குத் திருமுறை கொடுக்கவில்லை, உபநிடதமும் கொடுக்கவில்லை. 'உப்புக்கோள்' என்று ஓர் அறிவியல் புனைகதையைக் கொடுத்தார். ஐந்து தொகுதிகள். ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கிற கனம். கதையைச் சொல்வது ஒரு விண்கலம், அதற்கு ஞாபகமறதி வேறு. சில அத்தியாயங்கள் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரும். இரண்டாம் தொகுதியில் நாற்பது பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி கிடையாது.

குடிலில் இருந்தது ஒரே ஒரு செட். அது கை மாறிக் கை மாறிப் போனது. சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து அவரவருக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. கருத்துச் சொன்னவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது.

இந்த விதிதான் மாசிலாமணிக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அவர் குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். குறுக்குக் கேள்வி கேட்டே காலம் தள்ளிய மனிதரை வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி?

"முதல் தொகுதியில தலைவலி வந்துச்சு. ரெண்டாவதைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். மூணாவதுல அழுதேன். ஏன்னு எனக்கே தெரியல," என்றார் ஸ்டெல்லா. அவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்.

"எனக்குப் பாதி புரியலை. புரியாத பாதிதான் ரொம்பப் புடிச்சிருக்கு," என்றார் தவசிக்கனி.

தவசிக்கனி மாசிலாமணிக்கு மச்சான். மனைவி பொன்னுத்தாயின் அண்ணன். பொன்னுத்தாய் இறந்த பிறகு வீட்டில் லைட்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்த மாசிலாமணியை, கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்தவர் அவர்தான். மாசிலாமணிக்கு மிச்சமிருந்த சொந்தம் என்றால் அந்த ஒரு மனிதர்தான்.

ஆனால் சந்தேகம் சொந்தம் பார்க்குமா? புரியாதது எப்படிப் பிடிக்கும் என்று மாசிலாமணி யோசித்தார். அவரும் வரி விடாமல் படித்தார். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பின்னட்டையில் நாலு பேர் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள். நாலு பேரில் ஒருவர்கூடக் கதையில் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. அதையும் கவனித்து வைத்தார்.

ஒன்று, தான் மடையனாக இருக்க வேண்டும். அல்லது மற்றவர்கள் எல்லாரும் படிக்காமலே பாராட்டுகிறவர்களாக இருக்க வேண்டும். தான் மடையன் என்று முடிவு கட்ட அத்தனை வருஷ போலீஸ் வேலை இடம் கொடுக்கவில்லை. அம்மாவே இதைப் படித்திருப்பாரா என்றுகூட ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஆனாலும் எண்ணம் போகவில்லை.

கடைசியில் ஒரு பழைய வித்தையைக் கையில் எடுத்தார். நடக்காத ஒன்றை நடந்த மாதிரிச் சொல்ல வேண்டும். எதிராளி ஆமாம் என்று தலையாட்டினால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் ஒன்றும் தெரியாதவர் போல ஆரம்பித்தார்.

"மூணாம் தொகுதியில ஒரு சமையக்காரன் வாரானே. எல்லாருக்கும் கஞ்சி ஊத்திட்டு, தனக்கு இல்லாம, வெறுந்தட்டுல கரண்டிச் சத்தம் போடுவானே. அவனைப் பத்தி என்ன நினைக்கிய?"

"ஐயோ, அவனை மறக்க முடியுமா?" என்றார் ஸ்டெல்லா.

"அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிட்டு மாப்ள," என்றார் தவசிக்கனி. மூன்றாம் தொகுதி அவர் மடியில்தான் இருந்தது.

மாசிலாமணி எழுந்து நின்றார். கைது செய்யப் போகிறவர் போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மாட்டினீங்களா! அப்படி ஒரு சமையக்காரனே கிடையாது. நேத்துப் பாயில படுத்துக்கிட்டு நான் கட்டுன கதை அது. பொய்யி, அத்தனையும் பொய்யி! ஒருத்தரும் படிக்கலை. கண்ணு கலங்கிச்சாம், கண்ணு!"

ஸ்டெல்லா வாயைத் திறந்தார். தவசிக்கனி அவரைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். மடியில் இருந்த புத்தகத்தை மூடினார்.

"ஆமா மாப்ள. நான் சொன்னது பொய்தான்," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மாசிலாமணி விடவில்லை.

"என்கிட்டயே பொய் சொல்லுதீரே, நீரெல்லாம் ஒரு மச்சானா? ஒரு பொய்யன்கூட ஒரே கூரையில என்னால இருக்க முடியாது. ஒண்ணு நான் போறேன், இல்ல நீரு போம்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா விளக்குத் திரியைக் கொஞ்சம் இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

காலையில் அம்மா பின்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வந்து நின்றார். ஜெயித்தவனுக்கு வர வேண்டிய தூக்கம் அவருக்கு வந்திருக்கவில்லை.

"தவசிக்கனி பையை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டார். பத்து மணி பஸ்ஸாம்," என்றார் அம்மா.

"போகட்டும்மா." மாசிலாமணியின் குரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நேத்து நான் செஞ்சது சரிதானே?"

"அந்தச் சமையல்காரனை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"என் மண்டையிலருந்துதான்."

"சும்மா வந்துட்டானா?"

மாசிலாமணி அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தானும் ரெண்டு மொச்சைக் காயைக் கையில் எடுத்தார்.

"பொன்னுத்தாய் செஞ்ச காரியம்மா அது. நான் கான்ஸ்டபிளா இருந்த காலம். மாசக் கடைசியில எனக்குச் சோத்தைப் போட்டுட்டு அடுப்பங்கரையில போயி உக்காருவா. உள்ள கரண்டிச் சத்தம் கேக்கும். அவளும் சாப்பிடுதான்னு நானும் இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிடுவேன். பானையில ஒண்ணும் இருந்திருக்காது. அவ போன பொறவுதான் மச்சான் சொன்னாரு. அவருகிட்ட மட்டும் சொல்லியிருக்கா."

"அவங்களை அடிக்கடி நினைச்சுக்குவீங்களா?"

"நினைக்காம இருக்கத்தான் இங்க வந்தேன். கொஞ்ச நாளா என்னமோ தெரியலை, அந்தக் கரண்டிச் சத்தம் காதுலயே நிக்கி. அதை எடுத்துத்தான் விண்கலத்துக்குள்ள போட்டேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் தொகுதியோடு வந்தார். தேடாமலே ஓர் இடத்தில் விரித்தார்.

"இதைச் சத்தமா படிங்க."

மாசிலாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கலத்தில் மாவு தீர்ந்துபோனதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. கடைசிக் கஞ்சியை எல்லாத் தட்டுகளிலும் ஊற்றினான். பிறகு ஒரு வெறுந்தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, கரண்டியால் சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்தான். இன்று உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்றான். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பி..."

அவரால் முடிக்க முடியவில்லை.

மறு நிமிஷமே போலீஸ்காரர் விழித்துக்கொண்டார். பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முன் பக்கத்தின் காகிதத்தையும் பின் பக்கத்தின் காகிதத்தையும் விரலால் நெருடினார். தையல் நூலைக் குனிந்து பார்த்தார். பசையை மோந்தும் பார்த்தார்.

"அம்மா, கோவிச்சுக்கிடக் கூடாது. ராத்திரியோட ராத்திரியா யாரும் இதை உள்ள வச்சுத் தைச்சுட்டாங்களா?"

"பக்கத்துக்குக் கீழே பாருங்க."

கீழே நீல மையில் ஒரு சின்னக் கையெழுத்து இருந்தது. வாக்குமூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும், செய்தித்தாளானாலும் நாவலானாலும், படித்து முடித்த பக்கத்தின் அடியில் அது தன்பாட்டுக்கு ஒரு கிறுக்கல் போட்டுவிடும். அந்தக் கிறுக்கலை அவரைத் தவிர வேறு யாராலும் போட முடியாது.

மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரை அவரவர் கையெழுத்தைக் காட்டியே மடக்கியவர்.

"நான் இதைப் படிச்சிருக்கேன்," என்றார்.

"படிச்சிருக்கீங்க."

"பொறவு எப்படிம்மா மறந்தேன்?"

"நீங்க அந்த இடத்துல சமையல்காரனைப் பார்க்கல. பொன்னுத்தாயைப் பார்த்திருக்கீங்க."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றினார். அழுதார். மனைவி இறந்த அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. அம்மா மொச்சை உரிப்பதை நிறுத்தவும் இல்லை, அவரைத் தேற்றவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நேத்து ஸ்டெல்லாம்மா சொன்னது?"

"உண்மை."

"மச்சான் கண்ணு கலங்குனது?"

"அவர் தங்கச்சி ஆச்சே."

மாசிலாமணி சட்டென்று எழுந்தார். மடியில் இருந்த மொச்சைத் தோல் தரையெல்லாம் சிதறியது.

"நான் போயி மச்சானைக் கூட்டிட்டு வாரேன். வரமாட்டேன்னா காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வாரேன்."

வாசல்வரை வேகமாகப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். சந்தேகம் அவரை விடுவதாக இல்லை.

"அம்மா, ஒண்ணு மட்டும் விளங்கலை. புத்தகம் அவரு மடியிலயே இருந்துச்சு. பக்கமும் தெரியும். விரிச்சுக் காட்டியிருந்தா நான் அங்கேயே செத்தேன். அதை விட்டுட்டு, நான் பொய்யன்தான்னு ஏம்மா ஒத்துக்கிட்டாரு?"

அம்மா தலை நிமிர்ந்தார்.

"நேத்து அங்க எல்லாரும் இருந்தாங்கல்ல."