லேசான இளஞ்சிவப்பு

மலைமேல் இருந்த அந்தப் பழங்குடியினர் கல்லூரியில் ஜெனிட்டா வேதியியல் ஆசிரியை. துறைத் தலைவர் கனகவல்லியிடமே படித்து, அவருக்குக் கீழேயே வேலைக்கு வந்தவள். கொரோனாவுக்காக மூடிய கல்லூரி திறந்து, முதல் செய்முறை வகுப்பு நடந்தது. பாதியிலேயே எழுந்து அவள் தலைவரின் அறைக்கு வந்து நின்றாள்.

வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். பால் மறக்காத குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மலையேறி வருவது இதற்காகவா என்றாள். பர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்த உடனே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை. வகுப்பில் ஒருவர்கூட நிறுத்தவில்லை. எல்லாக் குடுவையும் பீட்ரூட் சாறு மாதிரி நின்றது.

“வீட்டிலேர்ந்து வீடியோ எடுத்து எடுத்து அனுப்பினேன், மேடம். அதெல்லாம் யாருக்காவது போய்ச் சேர்ந்துச்சா?”

கனகவல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தார். பிறகு, ஆய்வகத்துக்குப் போய் அவர்கள் முன்னால் நீயே ஒருமுறை செய் என்று சொல்லி, தானும் கூட நடந்தார்.

மாணவர்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெனிட்டா சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் திறந்தாள். குடுவையைச் சுழற்றினாள். நிறம் லேசாகத் தலைகாட்டியதும் மூடினாள்.

“இன்னும் வரல, மிஸ்,” என்றாள் தீர்த்தா என்ற மாணவி.

“வந்துடுச்சு. நல்லாப் பாரு.”

“இது பத்தாது, மிஸ். பயப்படாம விடுங்க.”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். மிஸ்ஸுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு என்று பின்னாலிருந்து ஒருவன் கிண்டலடித்தான். ஜெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. கனகவல்லி தீர்த்தாவைக் கூப்பிட்டு, மிஸ் நிறுத்திய இடத்திலிருந்து செய்யச் சொன்னார்.

தீர்த்தா ஒரு சொட்டு விட்டாள். இன்னொரு சொட்டு. குடுவையைச் சுழற்றிக்கொண்டே முணுமுணுத்தாள்.

“இருடா கண்ணு. ஆச்சு, ஆச்சு.”

மேலும் கொஞ்சம் விட்டாள். நிறம் அடர்ந்தது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஜெனிட்டா அவள் கையைப் பிடித்தாள். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள்.

உங்கள் வீடியோவில்தான் என்றாள் தீர்த்தா. பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். ஒரே போனில் எல்லாரும் தலையை நுழைத்துப் பார்த்தார்களாம். கையில் பியூரெட் இல்லாததால், மிஸ் பேசியதை அப்படியே சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு படியையும் மனப்பாடம் செய்தார்களாம்.

ஜெனிட்டாவுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. சமையலறை மேடைமேல் கல்லூரியிலிருந்து எடுத்துப்போன பியூரெட். இடுப்பில் அழுத குழந்தை. லேசான நிறம் போன் கேமராவில் விழவே இல்லை. பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று அவளேதான் இன்னும் கொஞ்சம் விட்டாள்.

வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டாள். கனகவல்லி பின்னாலேயே வந்தார்.

“தப்பு என்னுதுதான், மேடம். அவங்களைப் போய்த் திட்டினேன்.”

“ஆமா. தப்பாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கே.”

“எத்தனை பேருக்கு…”

“ஒருத்தர் விடாம எல்லாருக்கும்.”

கனகவல்லி முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டியே. நீ புள்ளையச் சமாதானப்படுத்தினதுகூடப் போய்ச் சேர்ந்திருக்கு.”

ஜெனிட்டா குடுவைகளைக் கழுவச் சொல்ல உள்ளே போனாள்.