அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

"மூணு வருஷமா எழுதறேன். நான் யாருன்னு எனக்கே இன்னும் பிடிபடலை. ஊருக்குக் கிளம்பறேம்மா. உத்தரவு குடுங்க."

தெய்வசிகாமணி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அறுபத்திரண்டு வயது மனிதர். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் தலைவி வேதநாயகி அவரைவிட இருபது வயது இளையவள். மந்திரம் தருவாள் என்று நம்பி வந்தவருக்கு அவள் கொடுத்தது ஒரு கோடு போட்ட நோட்டு. "தினமும் நடந்ததையும் நினைச்சதையும் எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் உபதேசம்.

"அந்த நோட்டைப் பார்க்கலாமா ஐயா?"

"தாராளமா பாருங்க."

கொடுக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கோபம் வந்தது, பொறுத்தேன். பசித்தது, அடக்கினேன். மனைவியை நினைத்தேன், அவள் ஆத்மா சாந்தியடைய வேண்டினேன். படிக்கிற யாருக்கும் இந்த மனிதருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலத் தோன்றும்.

"ஒரு அடித்தல்கூட இல்லையே!"

"பத்திரம் எழுதின கைம்மா. அடித்தல் திருத்தல் வந்துட்டா அந்தத் தாளையே கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள்ல எழுதுவோம்."

"இதுலயும் கிழிச்சீங்களா?"

"தப்பா வந்ததை மட்டும்."

"எழுத்துப் பிழையா?"



வேதநாயகி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. மேலே தேதி மட்டும். அவள் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு பென்சிலை எடுத்துப் படுக்கவைத்து, மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று, குழந்தை மாதிரி கிறுக்குகிறாளே என்று அவர் நினைத்தார்.

கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. அவருடைய எழுத்துகள்.

'ரெண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். பீ மூத்திரம் அள்ளினேன். இவள் செத்தால் தேவலை என்று சாமியிடம் கேட்டேன். செத்தாள். அன்றைக்கு நான் அசந்து தூங்கினேன். ஊரே என்னை உத்தமன் என்கிறது.'

அவர் நோட்டைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"குடுங்கம்மா! அது நான் எழுதலை!"

"உங்க கையெழுத்து ஐயா."

"கிழிச்சேனே! என் கையாலயே அடுப்புல போட்டேனே! எரிஞ்சு சாம்பலாப் போச்சே!"

"அழுத்தி எழுதியிருக்கீங்க. அடித் தாள்ல பதிஞ்சிருக்கு. மத்த பக்கம் எதுலயும் நீங்க அழுத்தவே இல்லை."

 தெய்வசிகாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில்கூட அழாத மனிதர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

முகத்தைத் துடைக்காமலே சொன்னார்:

"தெரிஞ்சு போச்சு. இனி இந்த இடத்துல இருக்க எனக்கு யோக்கியதை இல்லை. நீங்க வாயால போன்னு சொல்ல வேண்டாம், நானே போயிடறேன்."

வேதநாயகி எழுந்து நின்றாள். மூன்று வருடத்தில் ஒருநாளும் அவள் அவருக்காக எழுந்ததில்லை.

அவர் பதறிப்போய்ப் பார்த்தார்.

அவள் கைகூப்பினாள்.

"வாங்க ஐயா" என்றாள். "கால் கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."