ஆணைப்படி வற்றிய ஏரி

முன்னொரு காலத்தில் ஓர் அரசு இருந்தது. அதன் பெயர் எழுதிய ஏட்டைச் செல் அரித்துவிட்டது. நாளும் நாழிகையும் எழுதிய ஏடு தப்பிவிட்டது. ஆகவே பெயரை விட்டு நாளைச் சொல்கிறேன். விரோதி ஆண்டு, பங்குனித் திங்கள் இருபத்தேழாம் நாள், புதன்கிழமை, பொழுது விடிந்து பதினோரு நாழிகை. வானில் மேகம் இல்லை. காற்றும் இல்லை, அரண்மனைக் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

அந்நேரத்தில் அரசவைக்குள் ஒரு பெண் வந்தாள். அவள் பெயர் சிலம்பாயி. நெடுங்கரை என்னும் ஊரின் ஏரியில் மடைகளைத் திறப்பதும் மூடுவதும் அவள் பொறுப்பு. மூன்று மடை, முந்நூறு வீடு, ஒரே ஏரி.

அந்த ஏரியின்மீது மன்னனுக்கு ஆசை பிறந்திருந்தது. அன்னத்தின் வடிவில் ஒரு படகு செய்து அதில் மிதக்கவேண்டும் என்பது ஆசை. ஊராருக்கு இழப்பு வரக்கூடாது என்றும் அவன் எண்ணினான், நல்லவன்தான். "அவர்களுக்கு ஒப்பான ஏரி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்" என்று அமைச்சர் நீதிவல்லபரிடம் சொல்லிவிட்டு உறங்கப் போனான். நீதிவல்லபர் வேலையாட்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர். பேரேரியின் அருகிலேயே ஒரு புத்தேரி வெட்டுவித்து, நீரும் நிரப்பிவிட்டார்.

"ஏரி கிடைத்ததா, அம்மா?" என்றான் மன்னன்.

"கெடச்சுது மகராசா. பாத்துட்டுத்தான் வரேன். அழகா இருக்கு. எங்க ஊர்ப் பிள்ளைக மண்ணுல மாடு செஞ்சு வெளையாடும். கொம்பு இருக்கும், திமில் இருக்கும், வாலுகூட இருக்கும். அதை ஏர்ல பூட்டி உழச் சொல்றீகளா?"

அவையில் சிரிப்பு எழுந்தது. நீதிவல்லபர் சிரிக்கவில்லை. கணிதப் புலவர் அளவைநாதரை முன்னே வருமாறு கைகாட்டினார்.

அளவைநாதர் நேர்மையானவர், கேட்டதற்கு மட்டும் விடை சொல்பவர். "பேரேரியின் கரை எத்தனை கோணத்தில் வளைகிறதோ, புத்தேரியின் கரையும் அத்தனை கோணத்தில் வளைகிறது. எல்லாப் பக்கமும் பத்தில் ஒன்று. பேரேரியின் ஆழம் இருபது முழம். இதன் ஆழம் இரண்டு முழம். விகிதம் எங்கும் மாறவில்லை. எம் நூலின்படி இரண்டும் ஒப்பானவை."

"மூணு மடையும் இருக்குங்க" என்றாள் சிலம்பாயி. "சுண்டுவிரல் போகும்."

"கணிதர் சொல்வதில் பிழை இல்லை" என்று எழுந்தார் அவைப்புலவர். "எம் நூலில் இவ்வளவுகூட வேண்டியதில்லை. ஒரு பண்பு பொதுவாக இருந்தால் போதும், ஒப்புமை சொல்லலாம். முகத்தைத் தாமரை என்கிறோம். வண்டு மொய்க்கிறதா என்று எவரும் கேட்பதில்லை."

அரண்மனை மருத்துவர் தலையசைத்தார். "எம் துறையில் அப்படிச் சொன்னால் நோயாளி இறந்துபோவார். ஒரு மூலிகை கிடைக்காதபோது ஒப்பான வேறொன்றைச் சேர்க்கிறோம். உருவம் எப்படியாவது இருக்கட்டும். செய்கின்ற வேலை ஒன்றாக இருக்கவேண்டும்."

"ஒன்றைக் கண்டு அதற்கு ஒப்பான மற்றொன்றை, காணாமலே, அறிய முடியவேண்டும். அதுவே ஒப்பு" என்றார் தருக்க நூலார்.

மன்னனுக்குச் சினம் வந்தது. அவன் பட்டம் ஏறிய ஆண்டில் நாட்டிலுள்ள படிகளையெல்லாம் உடைத்து ஒரே படி ஆக்கினான். கோல்களையெல்லாம் ஒடித்து ஒரே கோல் ஆக்கினான். ஆளுக்கொரு அளவு என்பது அவன் காதுக்கு ஆகாது.

"ஆளுக்கொரு ஒப்பா? என் நாட்டில் ஒரே படி, ஒரே கோல், இன்றுமுதல் ஒரே ஒப்பு! கணிதர் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும். அமைச்சரே, எழுதும்."

அப்போது ஒரு குரல் எழுந்தது. "மன்னா, அந்த ஒரே படியால் நெல்லை அளக்கிறோம், சரி. காய்ச்சலையும் அதனால் அளக்கச் சொன்னால், மருத்துவர் எங்கே போவார்?"

பேசியவன் குழைக்காதன், அவையின் விகடன். மன்னன் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவைப்பதற்காக அமர்த்தப்பட்டவன். சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரிக்கவைத்ததால் நீதிவல்லபருக்கு அவனைக் கண்டால் ஆகாது. இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று அவர் கண்டுகொண்டார்.

"விகடர் புலவர்களைப் பொய்யர் என்கிறார், மன்னா."

"சொல்லவில்லை, அமைச்சரே. ஏரி பொய் என்கிறேன்."

"அப்படியானால் மெய்ப்பிக்கட்டும். ஆனால் புலவர் ஒருவரையும் மறுக்கக்கூடாது. இன்று எழுதும் ஆணையில் ஓரெழுத்தையும் திருத்தக்கூடாது. அதற்குள் நின்று, இரண்டு ஏரியும் ஒப்பல்ல என்று காட்டட்டும்."

மன்னனுக்கு அது பிடித்துப்போயிற்று. "படகு முடிய ஒரு மண்டலம் ஆகும். வைகாசி பதினான்காம் நாள் நான் படகில் ஏறுவேன். அதுவரை ஊரார் பழைய ஏரியில் நீர் எடுத்துக்கொள்ளட்டும். அன்றுமுதல் புத்தேரியே அவர்களுடையது. குழைக்காதா, அதற்குள் நீ காட்டாவிட்டால் இந்த நாட்டில் இருக்கவேண்டாம்."

"வைகாசியிலதான் பயிரு கதிர் விடப் பொதி கட்டும், மகராசா" என்றாள் சிலம்பாயி. குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "அதுக்கப்புறம் நாலு தண்ணி வேணும். இல்லாட்டி முந்நூறு வீட்லயும் அடுப்பு எரியாது."

நீதிவல்லபர் ஆணையை எழுதி உரக்கப் படித்தார்: "ஒப்பு என்பது எத்துறையிலும் ஒன்றே. ஒரு துறையில் ஒப்பென நிறுவப்பட்டது எல்லாத் துறையிலும் ஒப்பே. நெடுங்கரைப் பேரேரியும் புத்தேரியும் ஒப்பானவை."

"தருக்க நூலாரை விட்டுவிட்டீர்களே" என்றான் குழைக்காதன். "அவர் மனம் நோகாதா? ஒன்றைக் கண்டே மற்றொன்றை அறியலாம் என்றார் அல்லவா?"

தருக்க நூலார் முகத்தில் உண்மையாகவே நோவு தெரிந்தது. ஆணை இன்னும் உறுதிப்படும் என்று மகிழ்ந்த நீதிவல்லபர் ஒரு வரி சேர்த்தார்: "ஒன்றுக்கு நேர்ந்தது மற்றதற்கும் நேர்ந்ததே." மன்னன் கையொப்பமிட்டான்.

அவைக்கு வெளியே சிலம்பாயி விகடனை மறித்தாள். "ஏஞ்சாமி, நீங்க எங்க பக்கமா, அவுக பக்கமா? கூட ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வாறீக!"

"அம்மா, உங்கள் ஊரில் ஏரி வற்றினால் என்ன செய்வீர்கள்?"

"மடையத் தொறந்து வச்சிருவோம். தூர் வாரி முடிக்கிற வரைக்கும் மூடமாட்டோம். வண்டல ஊரே அள்ளிக்கும். தரையில வெள்ளரி போடுவோம். வத்துன ஏரி ஊருக்குத்தான் சொந்தம், அது ராசா காலத்துக்கு முந்தின வழக்கம். எதுக்குக் கேக்குறீக?"

"புத்தேரியில் ஒரு குடம் நீர்கூட எவரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டைக்கூட இறக்கவேண்டாம்."

அந்தக் கவலையை நீதிவல்லபரே ஏற்றுக்கொண்டார். விகடன் இரவோடு இரவாக ஊராரைக் கொண்டு நீரை இறைத்துவிடுவான் என்று ஐயுற்று, புத்தேரியைச் சுற்றிப் பன்னிரண்டு காவலரை நிறுத்தினார். ஆகையால் அதில் எவர் கையும் படவில்லை.

ஆயினும் வெயில் பட்டது. கதிரவன் கணிதம் கற்றவன் அல்லன். பேரேரியில் குடிப்பதில் பத்தில் ஒன்றைத்தான் புத்தேரியில் குடிக்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டிலும் ஒரே ஆழத்துக்குக் குடித்தான். சித்திரை முடிவதற்குள் காவலர் தலைவன் அமைச்சரிடம் ஓடிவந்தான்.

"ஐயா, தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு."

நீதிவல்லபர் அளவைநாதரைப் பார்த்தார். "பெரியதிலும் குறைந்திருக்கும்" என்றார் அளவைநாதர். "விகிதம் மாறாது." அவர் ஏரியைப் பார்க்கவில்லை, ஏட்டைப் பார்த்தார். நீதிவல்லபர் அன்னத்தின் அலகுக்கு எந்தச் சிவப்பு என்று தச்சரோடு வாதிட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசி பன்னிரண்டாம் நாள் காவலர் தலைவன் அவைக்கே வந்து ஓர் ஓலையை நீட்டினான். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'ஏரி முற்றும் வற்றியது. காவல் காக்க நீர் இல்லை. எங்களை என்ன செய்வது?' அன்று மன்னனும் அமைச்சரும் படகு பார்க்கப் போயிருந்தனர். ஓலையைப் பெற்று, பெற்றதாகக் கையொப்பமிட்டவன் குழைக்காதன்.

விகிர்தி ஆண்டு, வைகாசிப் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. பொழுது விடிந்து மூன்று நாழிகை. மன்னன் அன்னப்படகில் ஏறி அமர்ந்தான். அமைச்சரும் கணிதரும் ஏறினர். பன்னிருவர் துடுப்பைப் போட்டு வலித்தனர். படகு அசையவில்லை. அன்னத்தின் அடிவயிறு கரையோரச் சேற்றில் புதைந்திருந்தது.

கரைக்கு அப்பால் மூன்று வாய்க்காலிலும் நீர் இரைந்து ஓடிற்று. கரையில் இருபது வண்டிகள் நின்றன. ஊரார் கூடையும் மண்வெட்டியுமாக இடுப்பளவு நீரில் நின்று சேற்றை அள்ளிக்கொண்டிருந்தனர். ஒரு கிழவர் மடியிலிருந்து வெள்ளரி விதையை எடுத்து, மிகுந்த பொறுப்போடு, நீரின்மேல் தூவினார்.

"மடையைத் திறந்தவர் யார்?" என்று முழங்கினான் மன்னன்.

"நாந்தான், மகராசா. நேத்து விடிய. ஏரி வத்திருச்சுல்ல? வத்துன ஏரிக்கு மடை தொறந்துதான் கெடக்கணும். வழக்கம்."

"வற்றிவிட்டதா? பெண்ணே, உன் இடுப்புவரை என்ன இருக்கிறது?"

"ஆணைப்படி ஒண்ணும் இல்ல, மகராசா."

"இவளைக் கட்டுங்கள்!" என்றார் நீதிவல்லபர். "அரசனின் நீரைத் திருடியவள்!"

குழைக்காதன் கரையிலிருந்து இறங்கிவந்தான். ஒரு கையில் ஆணையைப் படியெடுத்த ஓலை, மறு கையில் காவலர் தலைவனின் ஓலை. இரண்டையும் படித்தான்; ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மன்னா, புத்தேரி வற்றியது, அமைச்சரின் காவலரே சான்று. ஒன்றுக்கு நேர்ந்தது மற்றதற்கும் நேர்ந்ததே. தங்கள் கையொப்பமே சான்று. ஆகவே பேரேரியிலும் நீர் இல்லை. இல்லாத நீரை இந்த அம்மையார் திருட வழியில்லை. திருடினார் என்றால் நீர் இருக்கிறது. நீர் இருந்தால் இரண்டு ஏரியும் ஒப்பல்ல. ஒப்பான ஏரியை ஊரார் இன்னும் பெறவில்லை. பழைய ஏரி அவர்களுடையதே. எது தங்கள் முடிவு? நான் எந்தப் புலவரையும் மறுக்கவில்லை. ஓரெழுத்தையும் திருத்தவில்லை."

"இது விதண்டை!" என்றார் நீதிவல்லபர். "ஏட்டில் வற்றியிருக்கலாம், எதிரே நீர் நிறைந்திருக்கிறதே!"

"அதையே எழுதிக் கையொப்பமிடுங்கள், அமைச்சரே. எனக்கு வேறொன்றும் வேண்டாம்."

மன்னன் அளவைநாதர் பக்கம் திரும்பினான். "கணிதரே, நீர் என்ன சொல்கிறீர்?"

அளவைநாதர் இம்முறை நீரைப் பார்த்தார். "கரைகள் இன்னும் ஒப்பானவைதாம், மன்னா. என் நூலில் பிழை இல்லை. ஆனால் என் நூலில் வெயில் இல்லை. பயிரும் இல்லை. என்னிடம் கரையை மட்டுமே கேட்டார்கள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அது என் பிழை."

மன்னன் விளிம்பில் குனிந்து நீரில் கையை விட்டான். கை மணிக்கட்டுவரை நனைந்தது. தன் கையொப்பத்தின்படி நனையாத கையைத் தூக்கிப் பார்த்தான். உதடு துடித்தது. பிறகு படகே குலுங்கும்படி சிரித்தான்.

"எறங்கி வாங்க மகராசா" என்றாள் சிலம்பாயி. "கால் நனையாது."

அவன் தொடையளவு நீரில் இறங்கி, சிரித்துக்கொண்டே கரையேறினான். "ஏரி உங்களுடையதே. போய்வா, அம்மா."

அவள் அசையவில்லை. "வாயால சொன்னா காத்தோட போயிரும். எழுதிக் குடுங்க."

நீதிவல்லபர் ஈர ஆடையோடு கரையில் அமர்ந்து எழுதினார். மன்னன் சொல்லச் சொல்ல எழுத்தாணி கீறியது: பேரேரி நெடுங்கரை ஊருக்கே உரியது. இனி எந்த ஆணையில் ஒப்பு என்று எழுதினாலும் எதில் ஒப்பு, எதற்கு ஒப்பு என்றும் எழுதவேண்டும். அதைக்கொண்டு வாழ்கிறவர்கள் ஒப்பினாலன்றி அது செல்லாது.

"குழைக்காதா, உனக்கு?"

"தாங்கள் விரும்புவது, மன்னா."

"புத்தேரியை எடுத்துக்கொள். எக்குறையும் இல்லாத ஏரி; நீர் ஒன்றுதான் இல்லை."

"வெள்ளரி போட்டுக்கொள்கிறேன்" என்று வணங்கினான் குழைக்காதன். மன்னன் தன் கழுத்து முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் இட்டான்.

அளவைநாதர் சான்றாகக் கையொப்பமிட்டார். இறுதியாக மன்னன் இட்டான். நீதிவல்லபர் ஓலையை மடியில் வைத்துக்கொண்டார். "மூலம் அரண்மனையில் இருக்கட்டும், அம்மா. எழுத்துக்கு எழுத்து ஒத்த படி ஒன்று நாளை உன் வீட்டுக்கு வரும்."

சிலம்பாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"ஒத்ததெல்லாம் வேணாஞ்சாமி. அதையே குடுங்க."

மன்னன் மறுபடி சிரித்தான். அமைச்சரின் மடியிலிருந்து ஓலையைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தான்.